குப்பத்துக்குப் போன சூடு ஜாக்கெட்

போன வருஷம் கார்த்திகை மழையில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் நடந்தது.

எங்களுக்குச் செங்கல்பட்டு. கணவருக்கும் எனக்கும் பைக் பைத்தியம். எங்கே போனாலும் ஆளுக்குப் பாதி தூரம் ஓட்டுவோம். லடாக் போவதற்காக, உள்ளே சூடேறும் கம்பிகள் வைத்துத் தைத்த ஜாக்கெட் ஒன்றை வாங்கியிருந்தோம். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, சீட்டுக்குப் பக்கத்தில் சொருகிக்கொள்ளும்படி அவரே செய்திருந்தார். "ஊரே ஃபேனுக்குக் கீழ படுத்துக்கினு கீது, இவங்களுக்குச் சூடு வேணுமாம்" என்று என் மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டால் மயக்கம்தான் வரும். அதனால் யாரும் வெளியே தலைகாட்டாத ஒரு மழை நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா அது?

விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்று ஆளையே தள்ளியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கோ ஜாக்கெட்டுக்குள் சொர்க்கம். கடலோரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினால், கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓடினோம்.

முந்தின நாள் சாயங்காலம் வலையை எடுக்கப் போன மீனவர் ஒருவர், படகு கவிழ்ந்து, விடிய விடிய அதைத் தொற்றிக்கொண்டு கடலில் கிடந்திருக்கிறார். அப்போதுதான் மீட்டு வந்து வலைக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உதடெல்லாம் நீலம். உடம்பில் நடுக்கம்கூட இல்லை. அதுதான் ஆபத்து என்று ஆம்புலன்ஸ் நம்பரில் பேசிய பெண் சொன்னார். ஈரத் துணியை எடுங்கள், நெஞ்சுக்குச் சூடு கொடுங்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள் என்றார். குப்பத்தில் கரண்ட் இல்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது.

என் ஜாக்கெட்டைக் கழற்றி, பக்கத்தில் இருந்த அந்த மீனவரின் மனைவி கையில் கொடுத்தேன். உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவள் உடனே அவருடைய ஈரத் துணியை உருவ ஆரம்பித்தாள்.

ஆனால் ஒயர் இரண்டு முழம்தான். வண்டி ரோட்டில், ஆள் கூடத்தில், நடுவே புதைகிற மணல். அவரை மழையில் தூக்கிப் போவதா என்று நாங்கள் விழித்தபோது, "அவன வாணாம், வண்டியத் தூக்குங்கடா" என்றார் ஒருவர். படகைக் கரையேற்றும் அதே கழிகளை அடியில் கொடுத்து, குரல் கொடுத்துக்கொண்டே, அந்தக் கனமான பைக்கைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடினார்.

நாலு பக்கமும் திறந்த கூடம், அதனால் என்ஜின் புகைக்குப் பயமில்லை. உலர்ந்த லுங்கியை நெஞ்சில் சுற்றி, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டுச் சொருகினோம். அடுத்த சிக்கல் வந்தது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜின், ஜாக்கெட் கேட்கும் அளவுக்குக் கரண்ட் தராது, பேட்டரியைத்தான் உறிஞ்சும். அது தீர்ந்தால் எல்லாம் போச்சு. இந்தக் காலத்து வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சும் கிடையாது. கணவர் அதன் ஒயரையே பிடுங்கிவிட்டு, "ஆக்ஸிலேட்டர முறுக்கிப் புடி, வுட்றாத" என்று என்னை நிறுத்தினார்.

பிடித்தேன். என்ஜின் சூட்டில் முழங்கால் வெந்தது. மீனவரின் மனைவி அவர் காதோரம் குனிந்து திட்டிக்கொண்டே இருந்தாள். "தூங்கின, அவ்ளோதான் சொல்லிட்டேன். கண்ணத் தொற." பிராந்தி பாட்டிலோடு வந்த ஒருவர் அவளிடம் வாங்கிய வசவில் வந்த வழியே திரும்பினார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று அவர் உடம்பு உதற ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. போனில் இருந்த பெண்ணோ, "நடுங்குறாரா? நல்லதுங்க, நல்லது" என்றார். கூடமே ஆர்ப்பரித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வாயைத் திறந்து, "இன்னாடி இது, சத்தம் காத அடைக்குது" என்றார். அவள் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், கைப்பிடியை மட்டும் விடவில்லை.

வழியெல்லாம் தண்ணீர் நின்றதால் சுற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸில் அவரை ஏற்றினார்கள். பைக்கை அணைத்த பிறகும் நான் கைப்பிடியை முறுக்கியபடியே நின்றிருக்கிறேன். கூட ஏறப் போனவள் திரும்பி வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "போதும்க்கா, வுடு. மூச்சு நல்லா வருது."

இரண்டொரு நாளில் அவர் வீடு திரும்பிவிட்டதாக டீக்கடைக்காரர் போன் செய்தார். அந்தக் கைப்பிடியை முறுக்கி நான் எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். ஆனால் ஓரடிகூட நகராமல் நின்ற அந்தக் காலையில் போன தூரத்துக்கு இன்னும் எங்கேயும் போனதில்லை.