எங்கே என்று கேட்காதவள்

சந்திரகலாவுக்கு இங்கிலீஷ் வாத்தியார் அவள் போனில் இருக்கும் ஓர் ஆப்தான். வீராம்பட்டினத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், காதில் வயரை மாட்டிக்கொண்டு, "தி கேட் இஸ் அண்டர் தி டேபிள்" என்று உரக்கச் சொல்வாள். பக்கத்து சீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார். "மை அங்கிள் லிவ்ஸ் இன் லண்டன்" என்பாள். அவள் மாமா தேங்காய்த்திட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறார். இந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களை எழுதுகிறவர்களுக்கு லண்டனில் மாமா இல்லாதவர்களைப் பழக்கமே இல்லை போலிருக்கிறது.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. அங்கே நான் சமையல், அவள் மாடி அறைகளில் படுக்கை மாற்றுகிறவள். படியேறி ஏறி அவள் முட்டி போய்விட்டது. வரவேற்பு மேஜைக்காரப் பெண் வேலையை விட்டதும், அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று மேனேஜர் விஜயராகவனிடம் கேட்டாள். அவருக்குச் சிரிப்பு. இருந்தாலும், கொஞ்ச நாள் உட்கார்ந்து பார் என்றார்.

'குட் மார்னிங்' பளிச்சென்று வந்தது. 'டிட் யூ ஸ்லீப் வெல்?' அதுவும் வந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் லண்டன் மாமாவை நலம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் வாயை விட்டு வரவில்லை. 'வேர் ஆர் யூ கோயிங்?' வெளியே கிளம்புகிறவர்களிடம் இதைக் கேட்டால்தான் விடுதியின் காரை அவர்கள் தலையில் கட்ட முடியும்.

அவள் கேட்கமாட்டாள். புருஷன் நாகராஜ் கடலுக்குக் கிளம்பும்போது ஒருநாளும் எங்கே என்று கேட்டதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்குமா? "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். ஆகவே வெள்ளைக்காரர்களிடமும் "இஸ் இட் ஃபார்?" என்றே கேட்டாள். அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் முழித்தார்கள்.

"இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஊரோட வச்சிக்க. நாளைக்குக் காலையில என் காதுல 'வேர் ஆர் யூ கோயிங்' விழணும். இல்லன்னா மாடிக்கே போயிடு" என்று கத்தினார் மேனேஜர். அவர் வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவது வேறு விஷயம்.

அவள் அடுப்படிக்கு வந்து அழுதாள். "படியேற முடியலக்கா."

"கேட்டுத் தொலை புள்ள. வாய்தான" என்றேன்.

மறுநாள் காலையில் விருந்தாளிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர்தான் முதலில் வெளியே கிளம்பினார். மகள் பூர்ணிமாவுக்குக் கடலூரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார். பட்டு வேட்டி, கையில் நான் அடுக்கிக் கொடுத்த பழத்தட்டு. வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

சந்திரகலா எழுந்து நின்றாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"வேர் ஆர் யூ கோயிங், சார்?"

அப்படி ஒரு சுத்தமான உச்சரிப்பை எங்கள் விடுதி கேட்டதே இல்லை.

தூக்கிய கால் திரும்பி வந்தது. பழத்தட்டு மேஜைக்குப் போனது. மேனேஜர் சோபாவில் உட்கார்ந்தார். "தண்ணி குடும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு வாயாகக் குடித்தார். சுவரில் இருந்த சாமி படத்தைக் கும்பிட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தூரமா சார்?"

"கடலூர்தாம்மா" என்றார். "நீ அந்தச் சேர்லயே உக்காரு."