மேசையில் இன்னொரு தட்டு

கிளேட்டன் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் போலந்துக்கார அம்மா ஒருவர் தனியாக இருந்தார். வெள்ளை முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருப்பார். ஈரம் இருக்கிறதோ இல்லையோ, பேசுவதற்கு முன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். இந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை; கொளுத்தும் வெயில். காலையிலிருந்து அவர் சமையலறை ஜன்னல் வழியாகப் புளித்த முட்டைக்கோஸ் வாடை. ஜன்னலைச் சாத்தச் சொல்ல சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். நான் கருவாடு வறுக்கும் நாட்களில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போது தோன்றவே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே அழைத்துப்போனார். மேசையில் இரண்டு தட்டு.

"யாரோ விருந்தாளி வர்றாங்க போல. நான் அப்புறம் வர்றேன்."

"நீங்கதான் விருந்தாளி. இன்னிக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் சாப்பிடட்டும்னு எங்க ஊர்ல ஒரு தட்டு கூடுதலா வைப்போம். இங்க இத்தனை வருஷமா யாரும் தட்டினதில்லை."

கொழுக்கட்டை போல ஒன்றை வைத்தார். உள்ளே அதே முட்டைக்கோஸ்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லத்தான்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு இன்னும் இரண்டு வைத்தார். அந்தப் புழுக்கத்தில் நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.