பாலத்துக்கு அப்பால் பரீட்சை

காலை எட்டு மணிக்கு ராமேஸ்வரத்தில் பஸ் ஏறினேன். ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். பக்கத்து இருக்கையில் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பதினெட்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். ஊருக்கு இன்னும் அவர் டீச்சர்தான். பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் எழுதும் துணைத்தேர்வுக்குத் தீவிலேயே ஒரு மையம் வேண்டும் என்று சட்டசபையில் கேட்டு வருகிறார்.

"பாஸாகுற பிள்ளை உள்ளூர்ல எழுதுது. தோத்த பிள்ளையைக் கடலைத் தாண்டி வரச் சொல்றாக," என்றார். அந்தப் பயணத்தைப் பார்த்து எழுதத்தான் நானும் கிளம்பியிருந்தேன்.

அக்காள்மடத்தில் டிரைவர் நிறுத்தாமல் போகப் பார்த்தார். டீச்சர் ஒரு குரல் கொடுத்ததும் பஸ் நின்றது. துணைத்தேர்வு எழுதப் போகும் மாரீஸ்வரி, ஹால் டிக்கெட்டோடு ஏறினாள்.

"ரெண்டு பஸ்ஸு, கூட்டமுன்னு நிக்காமலே போயிருச்சு டீச்சர்."

பரீட்சை தொடங்கும் பத்து மணிக்குள் போய்விடலாம் என்று கண்டக்டர் தைரியம் சொன்னார்.

பாம்பன் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ரயில் பாலத்தைப் படம் எடுக்க, சுற்றுலா வேன்களை நட்டநடுவில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் கடல் இருந்தும் எனக்குக் கைக்கடிகாரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. டீச்சர் இறங்கிப் போனார்.

"எல்லாரும் அவுகவுக வண்டில ஏறுங்க. செவப்புச் சட்டை, உங்களையுந்தான்."

வகுப்பறைப் பிள்ளைகளைப்போல ஏறிக்கொண்டார்கள். ஆனாலும் முக்கால் மணி நேரம் போய்விட்டது. வழியில் மண்டபமும் உச்சிப்புளியும் எப்போது கடந்தன என்றே தெரியாது. மாரீஸ்வரி அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராமநாதபுரத்தில் தேர்வு நடந்த பள்ளியின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே விடும் நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். உள்ளே நின்ற ஆசிரியர் கும்பிட்டார், திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க எம்.எல்.ஏ. அதட்டினா திறக்க மாட்டாரா?"

"திறப்பாரு. நாளைக்கு அவரு வேலைக்கு ஆபத்து வந்தா யாரு பதில் சொல்றது? நானும் இப்படி நேரமாச்சுன்னு பூட்டிட்டு, சாவியோட நின்னவதான். வெளிய நின்ன மொகமெல்லாம் இன்னும் கண்ணுல நிக்கிது. அதான் சட்டசபையில கத்துறேன்."

அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் தஞ்சாவூரில் நான் பரீட்சைக்கு நடந்தே போனவன். தோற்றுவிடுவேனோ என்று பயந்திருக்கிறேன். போய்ச் சேருவேனா என்று ஒருநாளும் பயந்ததில்லை.

பாலம் வந்தபோது மாரீஸ்வரி கேட்டாள்.

"அடுத்த பரீட்சையும் அங்கனதான் வைப்பாகளா டீச்சர்?"

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல தாயி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."