அம்மா நேர்ந்துகொண்ட என் கால்

பினாங்கில், பெண்கள் காற்பந்தில் நான் நடுக்கள ஆட்டக்காரி. தொழில்முறை ஆட்டக்காரி என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறது. அதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு, பந்தோடு பட்ட பாட்டைவிடப் பெரிது. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும், "இன்னும் பந்து விளையாடிக்கிட்டுதான் இருக்கியா?" என்பார்கள், இன்னும் விரல் சூப்புகிறாயா என்று கேட்கிற அக்கறையோடு. எத்தனை கோல் போட்டாய் என்பது அடுத்த கேள்வி. நான் கோல் போடுகிற ஆள் இல்லை, போடுகிறவளுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் என்று ஒருமுறை விளக்கினேன். "அப்ப சும்மா ஓடுறதுக்கா சம்பளம் கொடுக்கிறாங்க லா?" என்று சித்தப்பா என் முதலாளிகளுக்காகப் பரிதாபப்பட்டார்.

அப்படிச் சும்மா ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வலது முட்டியில் தசைநார் அறுந்தது. யாரும் இடிக்கவில்லை. நானாகத் திரும்பினேன், அதுவாக அறுந்துகொண்டது. அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், பிறகு மாதக்கணக்கில் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கிற பயிற்சி.

நான் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் அம்மா வீணாக உட்கார்ந்திருக்கவில்லை. கால் சரியானால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் நேர்ந்துகொண்டுவிட்டார். எடுக்கப்போவது யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அம்மாக்கள் நேர்ந்துகொள்வது எப்போதும் பிள்ளைகளின் உடம்பைத்தான். மொட்டை பிள்ளைக்கு, அலகு பிள்ளைக்கு, புண்ணியம் மட்டும் குடும்பத்துக்குப் பொது.

கால் சரியானது. முருகன் தன் பங்கை முடித்துவிட்டார். ஆனால் எங்கள் பயிற்சியாளர் என்னைச் சோதிக்க வைத்த பயிற்சி ஆட்டம், தைப்பூசத்துக்கு மறுநாளில் வந்து விழுந்தது. அவர் ஒருகாலத்தில் தாமும் காற்பந்து ஆடிய மலாய்க்கார அம்மையார், வளவளவென்று பேசமாட்டார். ஆட்டம் முழுக்கத் தாக்குப்பிடித்தால் புதிய ஒப்பந்தம், இல்லையென்றால் என் இடத்துக்குச் சின்னப் பெண் ஒருத்தி தயாராக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

"ஆட்டம் முடியட்டும்மா, அப்புறம் எடுக்கிறேன். முருகன் எங்கேயும் ஓடிப்போகமாட்டாரு."

"உன் கோச்ச ஆட்டத்த மாத்தச் சொல்லு. தைப்பூசத்த மாத்த முடியுமா?"

நான் தலையாட்டிவிட்டேன். உண்மையில் எனக்கும் உள்ளூரப் பயம். அந்த முட்டியை மருத்துவர் கையில் மட்டும் விட்டுவைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

மஞ்சள் சேலை, தலையில் குடம், காலில் ஒன்றும் இல்லை. பினாங்குத் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள். நம் ஆட்கள் பார்த்துப் பார்த்து உடைப்பார்கள், சீன முதலாளிகள் லாரியில் கொண்டுவந்து கொட்டி உடைப்பார்கள். எவ்வளவு வாரி அள்ளினாலும் சாலையில் சில்லு மிஞ்சும். முந்தின நாள் யாரோ ஒரு முதலாளி தன் வியாபாரம் ஓஹோவென்று நடக்க உடைத்ததில் ஒரு சிரட்டைச் சில்லு, என் வியாபாரத்தை நடத்துகிற வலது பாதத்தில் ஏறியது. குடத்தை இறக்கக்கூடாது. நொண்டிக்கொண்டே மலையேறினேன். இடது பாதத்தைக் கொதிக்கிற தார்ச்சாலை கவனித்துக்கொண்டது. இறங்கி வந்தபோது, அம்மா அடிவாரப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, முட்டி ஒண்ணும் சொல்லலயே!" என்று பூரித்துப்போனார்.

மறுநாள் இரண்டு பாதங்களையும் கட்டுத்துணியால் சுற்றிக் காலணிக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாதி ஓடிவிட்டது. இரண்டாவது பாதியில் காயம் வாய்திறந்தது. ஒரு பந்து எனக்கு வந்தது. தூங்கி எழுந்த முகத்தோடுகூட நான் திரும்பி அனுப்பக்கூடிய பந்து. பாதத்தை ஊன்ற முடியவில்லை. எதிரணிக்காரி பறித்துக்கொண்டு போனாள். அது கோல் ஆனது. பயிற்சியாளர் என்னை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். காலுறை சிவந்து நனைந்திருந்தது. முட்டியா என்று பயிற்சியாளர் குனிந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பார்வையாளர் பக்கத்திலிருந்து அம்மா வந்து நின்றார். என் ஆட்டம் எதற்கும் வராதவர், நேர்த்திக்கடன் பலித்த அழகைப் பார்க்க அன்றைக்கு வந்திருந்தார்.

"சாலா சாயா, கோச். புக்கான் சாலா டியா" என்றார். என் தப்பு, அவள் தப்பு இல்லை என்று, சந்தையில் பொறுக்கிய பாசார் மலாயையெல்லாம் திரட்டி. குழம்பில் உப்பு கூடினால்கூட உப்பு விற்றவனைக் குறை சொல்கிற அம்மா, ஓர் அந்நியப் பெண்மணியின் முன்னால் கைகட்டி நின்றார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பயிற்சியாளர் என் முட்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். முட்டி தாங்குகிறது, பாதம் ஆறட்டும் என்றார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஆட்டம் வைக்கிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஆயர் ஈத்தாமில் இருக்கிற எங்கள் வீடு வரைக்கும் காரில் அம்மாவைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். பாதி வழியில் பார்த்தால், பக்கத்து இருக்கையில் அவர் கண்களை மூடிக் கைகூப்பியிருந்தார். உதடு அசைந்தது.

"மறுபடியுமா? என் கால இன்னும் எத்தனை தடவதாம்மா விப்பீங்க?"

"இல்லடி. இந்தத் தடவ என் காலு. அந்த ஆட்டத்த நீ முழுசா ஆடிட்டா, அடுத்த பூசத்துக்கு நான் ஏறுறேன்."

எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் பழுதானால் வீட்டுக்கு ஏற முடியாமல் கீழே காப்பிக்கடையிலேயே உட்கார்ந்துவிடுகிற அம்மா. வேண்டாம்மா, அந்தப் படியெல்லாம் உங்களால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. எனக்கு அந்த ஆட்டம் வேண்டும்.