குவைத் பழமும் ஏழு வீடும்

விரலைப் பிரித்தால் நூல் நூலாக இழுபடும் பிசுபிசுப்பும், கெட்டியான பாகு வாசனையும், ஈ மொய்ப்புமாக, கட்டியிலிருந்து வெட்டி எடை போட்டுத் தருகிற பேரீச்சம்பழம் கரையான்சாவடிக் கடைகளில் எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயதானபோது குவைத்தில் சண்டை மூண்டது. பழம் காணாமல் போனது. "கப்பலே வர்ல, என்னை இன்னா பண்ண சொல்ற?" என்று கடைக்காரர் கையை விரித்தார்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரே வரிசையாகக் கட்டிய ஒரு "லைன் ஊட்டில்" நாங்கள் ஏழு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். பின்மதிலோரம் ஓலைக் கொட்டகையில் கண்ணம்மாக்கா தனியாக இருந்தாள். அந்த இடத்துக்கு ஈடாக ஏழு வீட்டு வாசலையும் கக்கூஸையும் அவள்தான் கழுவ வேண்டும். எட்டு மாத வயிறு. ரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று நர்ஸம்மா சொல்லியிருந்ததால் கடை கடையாக ஏறிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் வீட்டு தேவசகாயம் மாமா குவைத்திலிருந்து தப்பி வந்து சேர்ந்தார். துணிமணியெல்லாம் போய்விட்டது. பாலைவன முகாமில் கொடுத்த ஒரு பெட்டி பேரீச்சம்பழம் மட்டும் கையில் இருந்தது. எல்லாருக்கும் கொடுங்கள் என்று அதை வீட்டு ஓனரிடம் ஒப்படைத்தார்.

ஓனர் "ஊட்டுக்குப் பத்து" என்று எண்ணி வைத்தார். மீந்ததைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"கண்ணம்மாக்காக்கு?" என்றேன்.

"அது ஊடா பாப்பா? கொட்டாய்!" என்று சிரித்தார். பெரியவர்களும் கூடச் சேர்ந்து சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமா பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினார். "ஊடா பழம் துன்னும்? ஆளுதான துன்னும்? பாலைவனத்துல நானும் ஊடு இல்லாமத்தான் நின்னேன். எனக்குக் குடுத்தானே!"

தலையை எண்ணி அவரே பங்கு போட்டார். ஆளுக்கு மூன்று, கண்ணம்மாக்காவுக்கு ஆறு. "வயித்துல கீறதும் ஆளுதான்" என்றார். அவள் ஒன்றை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மாமா வேலை தேடி பம்பாய்க்குப் போனார். போன மறுநாளே, குளியலறை கட்டப் போவதாகச் சொல்லி ஓனர் கொட்டகையைப் பிரித்தார். நிறைமாதக்காரி இரண்டு மூட்டையோடு அண்ணனூர் ஸ்டேஷன் பக்கமாக நடந்துபோனாள். எங்கே போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் ஓடப் பார்த்தபோது அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். "நம்ம ஊட்டையும் காலி பண்ணச் சொன்னா?"

இன்று அந்த லைன் இல்லை, ஓனர் இல்லை, மாமாவும் இல்லை. அங்கே நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. கடைகளில் ஐந்தாறு நாட்டுப் பேரீச்சம்பழம் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கண்ணம்மாக்காவுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.