கத்தாத நோ

அன்று காலை எங்கள் ஓ.பி.டி.யில் ஒரு பிள்ளை செத்துப்போகப் பார்த்தாள். தனக்கு என்ன செய்கிறது என்று அவள் தெளிவாகச் சொன்ன பிறகும் அது நடக்கப் பார்த்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தாதிப் பிள்ளைகள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். சுகிர்தா தர்மபுரத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண், இருபது வயது கடந்தவள். ஓட்டிசம் உள்ளவள் என்பதைத் தாய் வாசலில் நம்பர் துண்டு எடுக்கும்போதே சொல்லியிருந்தா.

"என்ன பிள்ளை செய்யுது?" என்று சின்ன டொக்டர் கேட்டார்.

"வயிறு நோகுது. நேற்று நடுவில நொந்தது. இப்ப வலப்பக்கம் கீழ நோகுது. சாப்பிட ஏலாது."

அவள் அவரைப் பார்க்கவில்லை, மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துத்தான் சொன்னாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி ஒரு குரல். குடல்வளரி அழற்சிக்கு, அதுதான் அப்பெண்டிசைட்டிசுக்கு, பாடத்தில் படித்த அத்தனையும் அந்தப் பதிலில் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் நோவுக்கு ஒரு முறை இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக் குனிய வேண்டும், "ஐயோ அம்மா" என்று வாசலிலேயே கத்த வேண்டும், கூட வந்தவர்களும் சேர்ந்து குழற வேண்டும். அப்படி வந்தால்தான் ட்ரொலி ஓடிவரும்.

இரத்தம் எடுக்க நான் அவளுடைய கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தடவினேன். ஓ.பி.டி. அதிரக் கத்தினாள். ஊசி போனபோது கண்கூட வெட்டவில்லை.

"பஞ்சு எரியுதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"மெல்லத் தொட்டா எரியும். இறுக்கிப் பிடிச்சா பரவாயில்லை."

டொக்டர் வயிற்றில் கை வைக்கவே இல்லை. "பஞ்சுக்கே இந்தக் கத்து. உண்மையா வயிறு நொந்தா கூரை பறந்திருக்கும். காஸ்ட்ரைட்டிஸ் தான். குளிசை தாறன், ரிப்போட் பின்னேரம் வரும்" என்றார்.

"அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது டொக்டர்" என்றா தாய்.

"பொய் எண்டு சொல்லேல்லை அம்மா. இப்பிடியான ஆக்களுக்கு நோ தெரியிறது குறைவு."

ஒரே வாயில் இரண்டு கதை. பஞ்சுக்குக் கத்தினால் எதையும் தாங்காதவள், வயிற்றுக்குக் கத்தாவிட்டால் நோவே தெரியாதவள். எந்தப் பக்கத்தால் போனாலும் அவளுக்கு வைத்தியம் கிடையாது. படித்த மனுசனுக்கு இது விளங்காதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டொக்டர், சொல்லிப்போட்டு வயித்தை இறுக்கி ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்றேன்.

"மிஸ், நீங்கள் அடுத்த துண்டைக் கூப்பிடுங்கோ."

சண்டைக் காலத்தில் இந்த மண்ணில் காயக்காரரைப் பார்த்தவள் நான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தம் போடாமல் கிடப்பவனிடம் முதலில் ஓடு என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் மறந்து தொலைத்துவிட்டோம்.

மருந்து வரிசையில் எட்டிப் பார்த்தபோது சுகிர்தா மர வாங்கிலில் இருந்தாள். உதடு வெளிறி, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அப்போதும் சத்தமில்லை. யாரிடமும் கேட்காமல் சில்லுக் கதிரையில் ஏற்றிப் பொறுப்பு டொக்டரின் அறைக்கே தள்ளிக்கொண்டு போனேன். அவர் சொல்லிவிட்டு அமத்தினார். வயிறு பலகையாய் இறுகியிருந்தது. அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குடல்வளரி வெடித்து வயிறு முழுக்கச் சீழ். பிழைத்தாள், ஆனால் பட்டபாடு கொஞ்சமல்ல.

பிறகு தையல் வெட்ட எங்களிடம்தான் வந்தாள். சின்ன டொக்டர் பக்கத்தில் வந்து நின்று, "இனி நோ வந்தா வடிவாச் சொல்ல வேணும், சரியோ பிள்ளை?" என்றார்.

"சொன்னனான். நீங்கள் குளிசை தந்தனீங்கள்" என்றாள் சுகிர்தா, அதே குரலில்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் அவளிடம் சொல்லிவிட்டு, இறுக்கிப் பிடித்து அடுத்த தையலை வெட்டினேன்.

பிள்ளைகளே, ஒருத்தி நோகுது என்றால் நோகிறது. முகத்தையும் குரலையும் பார்த்து விலை பேச அது சந்தையில் கிடக்கும் மீன் இல்லை. அழுகிறாளா என்று பார்க்காதீர்கள். எங்கே, எப்போதிருந்து என்று கேளுங்கள், எப்படித் தொட்டால் தாங்கும் என்றும் அவளிடமே கேளுங்கள். பிறகு அவள் சொன்னதை நம்பிக் கையை வையுங்கள்.