பஸ்ஸில் அடையாளம் தெரிந்த குரல்

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். பெண்களை மடக்குவது எப்படி என்று வெள்ளைக்காரர்கள் நடத்தும் வீடியோப் பாடங்களைத் தமிழாக்கித் தரும்படி பழைய மாணவன் ஒருவன் கேட்டான்.

"நீங்களே வாசியுங்கோ சேர். உங்கட குரல் எண்டா பெடியள் நம்புவாங்கள்."

புகழ்ச்சியில் மயங்கிச் சம்மதித்தேன். பாடம் இதுதான்: முதலில் பாராட்டோடு ஒரு சின்னக் குத்தல். பிறகு தோழிகளிடமிருந்து பிரித்தல். அவள் மறுத்தால், சோதிக்கிறாள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றை நானே சேர்த்தேன்: எங்கள் பக்கம் பஸ்தான் வசதி. சத்தம் போட்டால் ஊர் அவளைப் பற்றித்தான் கதைக்கும்; ஆகவே சத்தம் போடமாட்டாள்.

போன மாதம் என் பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை. மன்னாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மாலை பஸ்ஸில் நறுவிலிக்குளம் திரும்புவாள். வற்புறுத்திக் கேட்டபின் சொன்னாள்.

"ஒருத்தன் ஒவ்வொரு நாளும் பக்கத்தில வந்து நிக்கிறான், அப்பப்பா. 'வடிவாத்தான் இருக்கிறீங்கள், ஆனா சிரிக்கத் தெரியாது போல' எண்டுறான். வேண்டாமெண்டா, சோதிக்கிறீங்களோ எண்டு கேக்கிறான்."

ஒரு சொல் மாறாமல் அது நான் எழுதிய வசனம்.

"ஏன் பிள்ளை கொண்டக்டரிட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா என்னைத்தானே கதைப்பினம்."

மறுநாள் மாலை மன்னாரில் அவளோடு அதே பஸ்ஸில் ஏறினேன். பாலம் தாண்டியதும் அவன் நெருங்கினான். மடிப்புக் குலையாத சட்டை.

"தம்பி, தள்ளி நில்லுங்கோ" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "சேர்! அந்த வீடியோவில கதைக்கிறது நீங்கள்தானே? குரலில பிடிச்சிட்டன்!"

பேத்தி திரும்பினாள். "என்ன வீடியோ அப்பப்பா?"

நான் சுற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் எங்கள் கோயில் ஆட்கள் இருந்தார்கள்.

எங்கள் தரிப்பிடம் வந்தது. அவனும் பையை எடுத்தான். அவள் இறங்குமிடத்தில் இறங்கு என்பது கடைசிப் பாடம். வீடுவரை ஆளில்லாத வயல்பாதை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

"அண்ணை!" பேத்தி கத்தினாள். "இவன் ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னால வாறான். இறங்க விடாதேங்கோ!"

கொண்டக்டர் வாசலில் கையைக் குறுக்கே வைத்தார். "நீர் இரும் தம்பி. கடைசித் தரிப்பிடத்தில கதைப்பம்."

பின்னாலிருந்து ஒருவர், "ஆற்ற பெட்டை இது?" என்றார்.

"என்ர பேத்தி" என்றேன். அதை மட்டும்தான் சத்தமாகச் சொன்னேன்.

மற்றதையெல்லாம் வயல்பாதையில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, எனக்காக நிற்காமல் முன்னே நடந்தாள்.

வீடியோவை அழிக்கும்படி மாணவனிடம் கெஞ்சினேன். "அழிச்சிட்டன் சேர். ஆனா கனபேர் போனில இறக்கி வைச்சிருக்கினம்."

இப்போதெல்லாம் அவள் திரும்பும் பஸ் வரும் நேரத்துக்கு முன்பே தரிப்பிடத்தில் போய் நிற்கிறேன்.